ஷீட் போட்ட குட்டையில் ஆமைக்கு ஒரு மிதவை

பண்ணைக்குட்டைக்கு 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் தண்ணீர் நிற்கும், தென்னை பிழைக்கும். செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஷீட் இல்லாமல் தண்ணீரை நிறுத்துவது பெரும்பாடு. ஆனால் அந்தக் கறுப்பு ஷீட்டில் பாசி படிந்துவிட்டால் நாம் இறங்கினாலே சறுக்கும். ஆமைக்கும் தேரைக்கும் கேட்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும் ஆமைகள் தரை வழியாக நடந்து வரும். தண்ணீர் தெரிந்த இடத்தில் இறங்கும். இறங்கிய பிறகு ஏற வழியில்லாமல் ஓரத்தையே சுற்றிச் சுற்றி நீந்தும். புதுவயல் பக்கம் இருக்கும் எங்கள் தோப்புக் குட்டையில் சொறித்தவளைகள் செத்து மிதப்பதைப் பார்த்த பிறகுதான், ஏதாவது செய்தாக வேண்டும் என்று இறங்கினேன். இப்போது எல்லாம் ஓரளவு ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

குட்டையின் அளவு மேலே 60 அடிக்கு 40 அடி, ஆழம் 9 அடி. நாலு பக்கமும் 45 டிகிரி சரிவு. மார்கழியில் விளிம்பு வரை நிற்கும் தண்ணீர் சித்திரை கடைசியில் 3 அடிக்கு வந்துவிடும். வேலை முழுவதையும் தீர்மானித்தவை இரண்டு. ஒன்று, ஷீட்டில் முளை அடிக்கக் கூடாது, கூரான எதுவும் அதில் உரசக் கூடாது. இன்னொன்று, தண்ணீர் 6 அடி ஏறி இறங்கும். கரையில் ஒரு கல்லைப் போட்டு "இதில் உட்கார்" என்று விட்டால், தை மாதம் முழுகிக் கிடக்கும், பங்குனியில் தலைக்கு மேலே நிற்கும்.

முதலில் ஏறும் வழி. அதுதான் அவசரம். பழைய மீன் வலையைக் கரையிலிருந்து அடிவரை தொங்கவிட்டால் தவளை தொற்றி ஏறும் என்று ஒருவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் இரண்டடி நீளத் தண்ணீர்ப் பாம்பு ஒன்று வலைக் கண்ணுக்குள் பாதி உடம்பை நுழைத்துவிட்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் கிடந்தது. செதில்கள் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் பின்னால் இழுக்கவே முடியாது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுத்தேன். பாம்பு போய்விட்டது, வலை குப்பைக்குப் போனது. பாம்பும் ஆமையும் நடமாடும் இடத்தில் வலை வேண்டாம். தோட்டத்துப் பச்சை நிழல்வலையும் அப்படித்தான், நூல் பிரிந்தால் ஆமையின் நகத்தில் சிக்கும்.

அடுத்து சாக்கு ஏணி. புதுவயலில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, காலிப் பைகளுக்கும் பஞ்சமில்லை. 25 கிலோ அரிசிப் பையில் 5 கிலோ சவுட்டு மண்ணைச் சலித்துப் போட்டுத் தைத்தால் தலையணைபோலத் தட்டையாகப் படுக்கும். சலிப்பது முக்கியம், உள்ளே ஒரு கூரான சரளை இருந்தாலும் ஷீட்டுக்கு ஆபத்து. அரிசிப் பை வெயிலில் சீக்கிரம் நார்நாராகப் பிய்ந்துவிடும். அதனால் மேலே ஒரு சுற்று சணல் சாக்கு. சணல்தான் பிடிமானமும். இப்படி 13 பைகளை இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஒரு அடிக்கு ஒன்றாகக் கட்டி, மேல்முனையை வேலிக் கல்லுக்காலில் மாட்டிச் சரிவில் இறக்கினேன். சரிவின் நீளம் 13 அடி, அதனால் அந்தக் கணக்கு. தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றாலும் அங்கே ஒரு படி இருக்கும்.

இதை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். உள்ளே விழுந்த எதுவும் நடுவில் நீந்துவதில்லை, ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் மூலையில் முட்டுகிறது. ஆகவே ஏணியை மூலையில் வைக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு வைத்தேன். தேரைகள் முதல் வாரமே ஏறிவிட்டன. சாக்கின் ஈரத்தில் குட்டித் தவளைகள் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும்.

ஏறி வெளியே போக விரும்பாத ஆமைகளும் உண்டு. குட்டையில் நத்தை இருக்கிறது, மீன் இருக்கிறது, ஏன் போக வேண்டும்? ஆனால் அதற்கு வெயில் காய இடம் வேண்டும். நம் கருப்பு ஆமை காலை வெயிலில் ஏறி ஓடு காய்ந்தால்தான் உடம்பு சூடேறும், சாப்பிட்டது செரிக்கும், ஓட்டுப் பாசியும் அட்டையும் விழும். கரையில் காய வந்தால் நாய் விடாது. அதனால் நடுத்தண்ணீரில் ஒரு மேடை.

வீட்டில் டிராக்டர் டியூப் ஒன்று கிடந்தது. காற்றடித்து மேலே மூங்கில் தப்பைகளைக் கட்டி விட்டேன். மிதந்தது, அவ்வளவுதான். டியூபின் வயிறு உருண்டையாகத் தண்ணீருக்கு மேலே எட்டு அங்குலம் நின்றது. ஆமை வந்து முன்னங்காலால் பிராண்டிப் பார்க்கும், டியூப் உருளும், ஆமை வழுக்கித் திரும்பிப் போகும். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கை பரபரக்கும். மேடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆமைக்கு அதில் ஓர் இடம்தான் கணக்கு, தண்ணீரும் மேடையும் சேருகிற அந்த விளிம்பு. அங்கே இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் ஏறாது.

சரி, பி.வி.சி.க்கு வந்தேன். காரைக்குடியில் 4 இஞ்ச் பைப் ஒரு லெங்த் 20 அடி, எல்போ நாலு, சொல்யூஷன் ஒரு டப்பா. சட்டம் 5 அடிக்கு 3 அடி. 4 இஞ்ச் என்று விற்கும் இந்த 110 மில்லிமீட்டர் பைப் ஒரு மீட்டருக்கு ஒன்பதரை லிட்டர் தண்ணீரைத் தள்ளும். என் சட்டம் முழுக்க முங்கினால் கிட்டத்தட்ட 46 கிலோ தாங்கும். இந்த ஒரு கணக்கு போதும்.

ஒட்டுவதற்கு முன் பைப்புக்குள் மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டில்களைச் செருகினேன். ஒரு லிட்டர் பாட்டில் 4 இஞ்ச் பைப்புக்குள் லேசாகப் போகும். பின்னால் எங்கேயாவது கசிந்து தண்ணீர் புகுந்தாலும் பாட்டில்கள் மிதவையைத் தூக்கிப் பிடிக்கும். சிலர் தெர்மாகோல் அடைப்பார்கள். பைப்புக்குள் மூடிக் கிடந்தால் பரவாயில்லை. வெளியே வெறுமையாகக் கட்டினால் மீனும் பறவையும் கொத்திக் கொத்தி மணிமணியாக உதிர்த்துவிடும், அத்தனையும் தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

சொல்யூஷன் பூசிய சட்டத்தை மொட்டை வெயிலில் காய வைக்கக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்று சூடேறி, காயாத மூட்டைத் தள்ளும். ஒரு எல்போவில் உஸ்ஸென்று சத்தம் கேட்டு மறுபடி பிரித்து ஒட்ட வேண்டியதாயிற்று. சாயங்காலம் ஒட்டி, திண்ணை நிழலில் இரவு முழுக்க விடுவதுதான் சரி. காலையில் தொட்டியில் ஒவ்வொரு மூட்டாக அமுக்கிப் பார்த்தேன். குமிழி வராவிட்டால் பாஸ்.

மேலே தளத்துக்கு முதலில் மூங்கில் தப்பை அடித்தேன். இலேசாக இருந்தால் நன்றாக மிதக்கும் என்ற நினைப்பு. மிதந்தது, ரொம்ப நன்றாகவே மிதந்தது. எல்லாம் சேர்த்து 15 கிலோகூட வராததால் பைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் முங்கியது. தளம் தண்ணீருக்கு மேல் நாலு அங்குலம் போய்விட்டது. டியூபின் கதையேதான்.

அப்புறம்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு ஞாபகம் வந்தது. இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. நல்ல நிலையும் கதவும் தூணும் வெளியூர்க்காரர்களுக்குப் போய்விடும். வெடித்தது, ஓட்டை விழுந்தது, முனை உளுத்தது எல்லாம் பின்கட்டில் குவிந்து கிடக்கும். பேசி, பர்மாத் தேக்குத் துண்டுகள் 25 கிலோ, கிலோ 50 ரூபாய்க்கு எடுத்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த மரம் ஆமைக்குத் தளமாகிறதே என்று கடைக்காரருக்குச் சிரிப்பு. தண்ணீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து தாங்க அதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது. வார்னிஷ் பூசியிருந்த பக்கத்தை மட்டும் இழைத்து எடுத்துவிட்டேன். புதிதாக எதுவும் பூசவில்லை.

ஒரு அங்குலக் கனத் துண்டுகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடுக்கினேன். தளத்தை பைப்பில் ஸ்குரூ போட்டு முடுக்கக் கூடாது, காற்று போய்விடும். அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் வைத்துத் தளத்தை அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவால் முடுக்கினேன். அந்தச் சட்டங்களைப் பைப்போடு கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஸ்குரூ முனை எங்கேயும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இறக்கிப் பார்த்தால் பைப் பாதிக்குமேல் முங்கி, தளத்தின் மேல்பரப்பு தண்ணீரிலிருந்து இரண்டரை அங்குலத்தில் நின்றது. கனம் கூடியதுதான் மிதவைக்கு நல்லதாகப் போயிற்று.

இரண்டரையும் குட்டி ஆமைக்கு உயரம்தான். அதனால் இரண்டு குறுகிய பக்கத்திலும் ஏறுபலகை வைத்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், தளத்தோடு கயிற்றுக் கீல். கீல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்தது. மாட்டித் தண்ணீரில் விட்டதும் பலகை பட்டென்று எழுந்து தண்ணீர் மேல் நீட்டிப் படுத்துக்கொண்டது. மரம் மிதக்காமல் என்ன செய்யும்? கூட வந்த பிளம்பர் தம்பி, "அண்ணே, பலகைக்கு ஒரு கல்லைக் கட்டுங்க, தன்னால முங்கும்" என்றான். ஒரு கிலோ கருங்கல் துண்டைப் பலகையின் அடிமுனையில் கட்டியதும், முனை தண்ணீருக்குள் ஆறேழு அங்குலம் இறங்கி நின்றது. சரிவு 20 டிகிரி சுமார். அதற்கு மேல் தொங்கிவிடாமல் பக்கத்துக்கு ஒரு தாங்கு கயிறு. ஆமை நீந்தி வரும்போது நெஞ்சு தட்டுகிற ஆழத்தில் பலகை தொடங்குகிறது, அப்படியே நடந்து ஏறிவிடலாம். இந்தக் கல் கட்டும் வேலையில்தான் மிதவை மிதவையானது.

பலகையில் பிடிமானத்துக்குத் தென்னை நார் மிதியடியை வெட்டிக் கட்டினேன். முதல் நாலு மாதம் அருமையாக இருந்தது. பிறகு தண்ணீர் மட்டத்தில் இருக்கும் பகுதி மட்டும் மக்கிப் பிய்ந்தது. இப்போது ஒரு பக்கப் பலகையில் மிதியடி இல்லை. இரண்டு அங்குலத்துக்கு ஒரு மரப் பட்டி குறுக்காக அடித்திருக்கிறேன். ஆமைக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்குப் பட்டிதான் லாபம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் உடைந்தது நிறையக் கிடக்கிறதே, பதிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதன் அழகே வழவழப்பு. கனமும் ஜாஸ்தி.

கட்டும் கயிறு தொண்டியில் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கியது, 8 மில்லிமீட்டர். தேங்காய்க் கயிறு தண்ணீரில் சீக்கிரம் இற்றுவிடும். வடக்குக் கரைக் கல்லுக்கால் ஒன்று, தெற்குக் கரையில் ஒன்று, நடுவே மிதவை. தண்ணீர் 6 அடி இறங்குமே, கயிறு எவ்வளவு தளர்வாக விடுவது என்று முதலில் பயம். கணக்குப் போட்டால் பயம் போய்விட்டது. கரையிலிருந்து மிதவைக்கு 20 அடி. மிதவை 6 அடி கீழே போனால், கரைக்கல்லின் உயரத்தையும் சேர்த்தே கயிறு இருபத்தொன்றரை அடிதான் வேண்டியிருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றரை அடி தளர்வு போதும். நங்கூரமும் வேண்டாம், ஷீட்டையும் தொட வேண்டாம்.

கிழக்கே தென்னை வரிசை. காலையில் அதன் நிழல் குட்டை முழுக்க விழுந்து, வெயில் ஏற ஏறக் கிழக்கு நோக்கிச் சுருங்கும். ஆகவே மேற்கு மூலையில்தான் முதல் வெயில். மிதவையை நட்டநடுவே கட்டியிருந்தவன் மேற்கிலிருந்து 20 அடிக்கு நகர்த்தினேன். காய்கிற நேரம் ஒரு மணி நேரம் முன்னாலேயே தொடங்கிவிட்டது.

முதலில் குடியேறியது ஆமை அல்ல, நீர்க்காகம். சிறகை விரித்துக்கொண்டு காலையெல்லாம் நிற்கும், தளம் பூரா எச்சம். கூடவே மடையான் ஒன்று, தவளைக்குக் காவல். விரட்டவில்லை. ஆமை பழகியதும் பக்கத்தில் பறவை நின்றாலும் கண்டுகொள்ளவில்லை. எட்டரை மணி வாக்கில் பெரிய கருப்பு ஆமை பலகையில் பாதி ஏறி நிற்கும், கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்க்கும், பிறகு மேலே வந்து பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டிவிட்டு, விரல்களை விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஈர ஓடு கன்னங்கரேலென்று மினுங்கும். கால் மணி நேரத்தில் சாம்பல் பூத்து, தட்டுக்குத் தட்டு ஓரக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். நாம் கரையில் நிழல் தட்டுகிற தூரத்துக்கு வந்தால் தொபுக்கடீர். அதற்காகத்தான் மிதவைக்குக் கீழே எப்போதும் இரண்டடித் தண்ணீராவது இருக்க வேண்டும்.

குட்டைக்கு வரும் இன்னொரு வகையான பால் ஆமை மிதவைப் பக்கமே வருவதில்லை. அது சாக்கு ஏணியில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு படி மேலே, பாதி உடம்பு ஈரத்தில் இருக்கக் காய்கிறது. ஒரே மேடை எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் என்று நினைத்திருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

பக்கத்துத் தோப்பு ஆச்சி ஒருநாள் வந்து கரையில் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாக. நீ அதுக்குத் தேக்குல கட்டில் போட்டுக் குடுத்திருக்கியே" என்றார்கள். "வீட்டுக்குள்ள விடல ஆச்சி, தோப்புலதான்" என்றேன். "தோப்பும் உன் பேருலதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, போகிறபோது தன் பேரனையும் பார்க்க அனுப்புவதாகச் சொன்னார்கள். பையன்கள் வந்தால் ஒன்று சொல்லிவிட வேண்டும்: மிதவை சொந்தக் கனம் போக இன்னும் 15 கிலோ போலத்தான் தாங்கும். பையன் ஏறினால் கவிழும், கீழே 9 அடித் தண்ணீர்.

தவளைக்கு வேறு ஏற்பாடு. அது வெயிலுக்கு வருவதில்லை, அதற்கு ஈரமும் நிழலும் தாழ்வான விளிம்பும் வேண்டும். முக்கியமாக, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து வால் சுருங்குகிற பருவத்தில் தண்ணீரை விட்டு வெளியே வந்தாக வேண்டும். ஏற ஒரு துரும்பு இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். இதற்குச் செலவே இல்லாத வழி உரித்த தேங்காய் மட்டை. காய்ந்த மட்டைகளைத் துளைத்து ஒரு கயிற்றில் சரமாகக் கோத்து, தென்னை நிழல் விழும் கிழக்கு மூலையில் குறுக்கே விட்டேன். மட்டை தண்ணீரில் பாதி அமிழ்ந்து, நார்ப்பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். கார்த்திகையில் ஒவ்வொரு மட்டையிலும் கடலை அளவுக் குஞ்சுத் தேரைகள், சிலவற்றுக்கு இன்னும் வால் மிச்சம் இருந்தது. மட்டை ஊறி ஊறி ஒருநாள் முங்கும், அப்போது எடுத்து மரத்தடியில் போட்டுவிட்டு வேறு கோக்க வேண்டும். கரையில் அந்த மூலையில் கோரையை வெட்டாமல் விட்டிருக்கிறேன். மரத்தவளை தண்ணீருக்கு மேல் சாய்ந்த தாள்களில்தான் நுரைக்கூடு வைக்கிறது, முட்டை பொரிந்தால் குஞ்சு நேரே கீழே விழும்.

செலவு: பைப் 1,750, எல்போ 380, சொல்யூஷன் 120, தேக்கு 1,250, கயிறு 350, ஸ்குரூ 180. மொத்தம் 4,030 ரூபாய். சாக்கு, மட்டை, மூங்கில், டியூப் கணக்கில் இல்லை. பழைய மரம் கிடைக்காத ஊரில் வேப்பம் பலகை வாங்கலாம், கனம் போதும், ஆனால் அவ்வளவு காலம் வராது.

இதைப் பார்த்துவிட்டு இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். கண்மாயில் ஆமை பிடித்து வந்து விடட்டுமா என்று ஒரு கேள்வி. கூடாது. பால் ஆமை 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். தானாக வருவதற்கு இடம் செய்யலாம், தானாகப் போகவும் வழி வைக்க வேண்டும். சாக்கு ஏணி அதற்கும்தான். இன்னொருவர் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த சிவப்புக் காது ஆமை பெரிதாகிவிட்டது, உங்கள் குட்டையில் விடலாமா என்றார். அது அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. இங்கே விட்டால் காயும் இடத்துக்கும் இரைக்கும் நம் ஆமையோடு போட்டி போடும், நோயையும் கொண்டுவரும். நிறைய நாடுகளில் அதனால் தலைவலி. அவர் தொட்டிக்கே ஒரு சின்ன மிதவை அளவெடுத்துக் கொடுத்தேன். ஆறு அங்குலத் தேக்குத் துண்டு, அடியில் ஒரு கூழாங்கல்.

அடுத்த மிதவை செய்தால் 5க்கு 3 வேண்டாம், 7 அடிக்கு 2 அடி போதும். ஆமைகள் நடுத்தளத்துக்குப் போவதே இல்லை. வரிசையாக ஓரத்தில்தான் கிடக்கின்றன, தலை தண்ணீர்ப் பக்கம். நடுவில் போட்ட மரம் நீர்க்காகத்துக்குத்தான் பயன்பட்டது. ஏறுபலகையை நீளப் பக்கத்தில் வைப்பேன், அகலம் இரண்டடியாக. இரண்டு ஆமை ஒரே நேரத்தில் ஏறும்போது ஓரடிப் பலகையில் இடித்துக்கொண்டு இரண்டுமே விழுகின்றன. பைப்பில் வெயில் படும் மேல்பகுதி வெளுத்து நொய்ந்துகொண்டு வருகிறது, அதன் மேல் தளம் இரண்டங்குலம் துருத்தி நிற்கும்படி வைத்தால் நிழல் விழும். சாக்கு ஏணியில் சணலை ஒவ்வொரு புரட்டாசியிலும் மாற்ற வேண்டும். இந்த வருஷத்துக்கு வேண்டிய சாக்கு ஆலையில் சொல்லி வைத்தாயிற்று, மண்தான் இன்னும் சலிக்கவில்லை.